அப்பா பெயரில் ஒரு டிக்கெட்

தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூரில் கிரெடிட் கார்டு வைத்திருந்த பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் நானும் ஒருத்தி. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் வேலை. பேரிங், டிரில் பிட் என்று அவசரத்துக்கு எது தேவைப்பட்டாலும் பெங்களூருக்கு என்னைத்தான் விரட்டுவார்கள். அங்கே என் கார்டைத் தேய்ப்பேன், கம்பெனி பிறகு பணத்தைத் தந்துவிடும். கூட வேலை செய்கிறவர்கள் ஃபிரிட்ஜ் வாங்கப் போனாலும் என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். பணத்தை என் கையில் கொடுப்பார்கள், நான் கார்டை நீட்டுவேன். அவர்களுக்கு ஃபிரிட்ஜ், எனக்குப் பாயின்ட். "அட்டைக்காரம்மா" என்று பெயரே வைத்துவிட்டார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

அப்படிச் சேர்ந்த பாயின்ட் மார்ச் கடைசியோடு காலாவதி ஆகும் என்று கடிதம் வந்தது. கூடவே பாயின்டுக்குத் தரும் பரிசுகளின் புத்தகம் ஒன்று. என் பாயின்டுக்கு நல்ல மிக்ஸி ஒன்று கிடைக்கும். இல்லாவிட்டால் இலவச டிக்கெட்டுக்கு உதவும் விமானக் கம்பெனி மைல்களாக மாற்றிக்கொள்ளலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெங்களூரிலிருந்து கௌஹாத்திக்கு ஒரே ஒரு ஆள் போய் வரலாம்.

கௌஹாத்திக்கு அப்பால் ஒரு மலை ஊரில் என் தங்கை கன்னியாஸ்திரியாக இருந்தாள். அப்பா அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து, பேசி முடித்திருந்த நேரத்தில் மடத்துக்குப் போகிறேன் என்று கிளம்பியவள். அன்றோடு அப்பா அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அவள் விடுமுறையில் வந்தபோதுகூட, தான் வெல்டராக இருந்த பட்டறைக்குத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே படுத்துக்கொண்டார். வருகிற ஏப்ரலில் அவளுக்கு நித்திய வார்த்தைப்பாடு. அதைக் கொடுத்துவிட்டால் ஆயுசுக்கும் மடம்தான். வீட்டிலிருந்து ஒருவராவது வந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தாள். யாராவது போயே ஆக வேண்டும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

கார்டு கம்பெனிக்குப் போன் போட்டேன். "மாத்தினா மாத்தினதுதான் மேடம். திரும்பப் பாயின்ட் ஆகாது. டிக்கெட் போட்டுட்டா கேன்சலும் கிடையாது" என்றாள் அந்தப் பெண். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஸ்டோர்ஸ்காரர், எல்லையோரப் பாகலூர்க்காரர், "சும்னே மிக்ஸி தகொள்ளம்மா" என்றார். பேசாமல் மிக்ஸியை வாங்கு, கையில் இருப்பதை ஏன் ஆகாயத்தில் விடுகிறாய் என்று அரை மணி நேரம் கன்னடமும் தமிழுமாகப் பாடம் நடத்தினார். "பில்லைப் பாருங்கண்ணா" என்று சொல்லி எழுந்து வந்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை அவரிடம் காட்டுவேனா?

அம்மாதான் போக வேண்டும் என்பது என் எண்ணம். முட்டிவலியோடு மூன்று நாள் ரயிலில் அவளால் போக முடியாது. சாயங்காலம் அவள் சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அம்மிக்குழவியை நிறுத்தினாள்.

"ஒரு டிக்கெட்டுதானா?"

"ஒண்ணுதாம்மா."

"அப்ப உங்கப்பன் போவட்டும் கண்ணு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவருக்கா? ஒரு கடுதாசி போட்டிருப்பாரா இத்தினி வருசத்துல? அவருக்காகவா நான் ஊரெல்லாம் அலைஞ்சு கார்டு தேய்ச்சேன்?"

"நான் மாசாமாசம் எழுதறேன், அவளும் எழுதறா. எங்களுக்குள்ள ஒரு கொறையும் இல்ல. அந்த மனுசந்தான் உள்ளுக்குள்ளயே வெந்துகிட்டுக் கெடக்கறாரு. இப்பப் போவலன்னா எப்பவும் போவமாட்டாரு."

"கூப்ட்டா வருவாரா?"

"கூப்டாத. போட்டுட்டு வந்து சொல்லு."

அன்றிரவு அம்மாமேல் எனக்குக் கோபம்தான். ஆனால் யோசிக்க யோசிக்க அவள் சொன்னதில் இருந்த சூட்சுமம் புரிந்தது. பட்டறையில் மிஞ்சிய கம்பித்துண்டைக்கூட வீணாக விடாமல் பொறுக்கி வைக்கிறவர் அப்பா. திருப்ப முடியாது என்று நான் எதற்குப் பயந்தேனோ, அதையே வைத்து அவரை மடக்கிவிடலாம். மறுநாள் படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பினேன். சீட் இருக்கிறதா என்று தினமும் போன் போட்டு அந்தப் பெண்ணின் உயிரை எடுத்தேன். டிக்கெட் கைக்கு வந்ததும் அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னா இது?"

"கௌஹாத்திக்கு டிக்கெட்டு. உங்களுக்கு."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"யாரையும் கேக்கல."

"திருப்பிக் குடு."

"திருப்ப முடியாதுப்பா. நீங்க போவலன்னா அத்தனையும் வீணாத்தான் போவும்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கை கழுவிவிட்டு வந்து, "பாதியாவது தரமாட்டானா?" என்றார். படுக்கப் போகுமுன் மறுபடி கேட்டார். நானும் அசையவில்லை, "தரமாட்டான்" என்றேன். காலையில் பரண்மேலிருந்த பையை அவரே இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

பெங்களூர் விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். கல்கத்தாவில் எப்படி மாற வேண்டும், கௌஹாத்தியில் யார் வந்து நிற்பார்கள் என்று நான் எழுதிக் கொடுத்த தாளை அப்பா சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வாசலில் போலீஸ்காரர் டிக்கெட்டைக் கேட்க, எடுத்துக் காட்டியவர் உள்ளே போகாமல் என்னிடம் திரும்பி வந்தார். ஜெயித்துவிட்டோம் என்ற தெம்பில் நின்றிருந்த எனக்கு எரிச்சலாகிவிட்டது. வாசல்வரை வந்துவிட்டு முரண்டு பிடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

டிக்கெட்டின் கடைசித் தாளை விரலால் தள்ளிக் காட்டினார்.

"இந்தத் திரும்பி வர்ற டிக்கெட்டு இருக்குதே கண்ணு, இதுல அவ வரலாமா? நான் எப்பிடியாவது ரயிலப் புடிச்சு வந்துக்கறேன்."

"முடியாதுப்பா" என்றேன். "உங்க பேர்ல போட்டது."

"அவ வரேன்னு சொன்னாக்கூடவா?"

அவள் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை என்னால் சொல்ல முடியவில்லை. முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினேன். அப்பா டிக்கெட்டை மடித்து, எழுதிக் கொடுத்த தாளோடு சேர்த்து வைத்துக்கொண்டு உள்ளே போனார்.