தண்டவாளம் இல்லாத வழி

அகல ரயில்பாதை போடுவதற்காகப் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, வேலை நின்று கிடந்த காலம் அது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து நெல்லிக்குப்பத்துக்கு நாங்கள் பலர் அந்த வெற்று ரயில்மேட்டின் மேல்தான் சைக்கிளில் போவோம். சாலையில் கரும்பு லாரிகள் எங்களைப் பள்ளத்தில் இறக்கிவிடும். மேட்டில் அந்தப் பயம் இல்லை.

எனக்கு முன்னால் தினமும் ஒரு நர்ஸ் போவார். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேலை, முழங்கையில் நீளமான தழும்பு. வழியில் பெரிய ஜல்லி கிடந்தால் இறங்கி, அதை எடுத்து ஓரமாக எறிந்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார்.

ஒருநாள் எதிரே ஒரு டிராக்டர் மேட்டில் ஏறி வந்தது. அவர் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார்.

“வழி உடும்மா. ரோட்ல ஒரே நெரிசல்,” என்றார் டிரைவர்.

“அந்த ரோட்லதான் உன்ன மாதிரி ஒருத்தன் என்ன இடிச்சுட்டு நிக்காமப் போனான். இங்கயும் வந்தீங்கன்னா நாங்க எங்கய்யா போறது? பின்னால எடு!”

கோபத்தில் அவர் குரல் உடைந்தது. நாங்களும் எங்கள் சைக்கிள்களை அவர் பக்கத்தில் நிறுத்தினோம். டிரைவர் திட்டிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தார்.

“ரயில் வந்துட்டா இந்த வழியே இருக்காதே, சிஸ்டர்,” என்றேன்.

“ரயில் வரட்டும் சார், நல்லதுதான். சைக்கிள்ல போறவங்களுக்கு அப்புறம் என்ன வழின்னு ஒருத்தராவது யோசிச்சாங்களா?” என்று என்மீதும் பாய்ந்தார்.

ரயில் வந்தது. நாங்கள் மறுபடி சாலைக்குப் போனோம். அவரை அதன்பின் நான் பார்க்கவில்லை. இன்றும் ஏதாவது ஒரு லாரி ஹாரன் அடித்து என்னை மண்ணில் இறக்கும்போது, எனக்கு வரும் கோபம் பாதி அவருடையது என்றே தோன்றுகிறது.