கேஸ் கட்டுக்குள் அம்மா

சட்டக் கல்லூரி முடித்த பிள்ளைகள் இப்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்: “அக்கா, வக்கீல் ஆபீஸ்ல ஜூனியராச் சேரணும்னா என்ன செய்யணும்?” எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதே, நேரில் போ. கோர்ட் இல்லாத சனிக்கிழமை காலையில் போ. உன்னைப் பற்றி எழுதியது ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். படிக்கச் சொல்லிக் கேஸ் கட்டைக் கொடுத்தால் தேதி வரிசையில் சொல்: யார், எப்போது, எங்கே, என்ன கேட்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல். கட்டுக்குள் உனக்கு வேண்டியவர் யாராவது இருந்தால் உடனே மூடிவிட்டுச் சொல்லிவிடு.

அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நான் சரியாகச் செய்யவில்லை.

விருதுநகரில் ஒரு பருப்பு மண்டிக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். மாடி ஏறியதும் தெருச் சத்தம் அறவே நின்றுபோனது. சீனியர் ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. நான் கொடுத்த தாளைப் பார்க்கக்கூட இல்லை; மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

“வாம்மா, உக்காரு. பேப்பர்ல இருக்கறத அப்புறம் பாப்போம். இதைப் படி. கால் மணி நேரம். நம்ம கட்சிக்காரருக்கு எது பலம், எது பலவீனம்னு சொல்லு.”

அடுக்கில் மேலே இருந்த கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போனார்.

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் நடந்த விபத்து. பல வருடங்களாக இழுத்துக்கொண்டிருந்த வழக்கு. கம்பெனிதான் இந்த அலுவலகத்தின் கட்சிக்காரர். முதல் சில தாள்கள் சாதாரணமாகப் போயின. பிறகு போலீஸ் எழுதிய பிண விசாரணை அறிக்கை வந்தது. இறந்தவர் பெயர் என்ற இடத்தில் என் அம்மாவின் பெயர் இருந்தது.

ஊரில் நூறு பேருக்கு இருக்கும் பெயர்தானே என்று அடுத்த வரிக்குப் போனேன். கணவர் பெயர், அப்பாவுடையது. வயது சரியாக இருந்தது. நாங்கள் முன்பு குடியிருந்த தெரு, கதவு எண். முகம் அடையாளம் தெரியவில்லை என்றும், வலது காலில் வெள்ளி மெட்டி இருந்தது என்றும், கம்பெனிப் பதிவேட்டை வைத்து ஆளை அடையாளம் கண்டதாகவும் எழுதியிருந்தது.

மடியில் இருந்த பைக்குள் போன் அதிர்ந்தது. திரையில் ‘அம்மா’ என்று எரிந்து எரிந்து அணைந்தது. எடுக்கக் கை வரவில்லை. எடுத்தால் யார் பேசுவார்கள் என்று, நம்பினால் நம்புங்கள், பயந்தேன்.

சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைக்கு நடுவில் காய்ச்சலோடு கிடந்தபோது கண்ட ஒரு கனவு ரொம்ப நாள் எனக்குள் இருந்தது. சன்னல் கம்பி அதிர்கிறது. கொஞ்ச நேரம் கழித்து வாசல் நிறையப் பெண்கள், தலையை விரித்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். அம்மாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிறார்கள். அடுப்படியிலிருந்து அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வருகிறாள். அவளைப் பார்த்ததும் அத்தனை பேரும் அலறிப் பின்னால் நகர்கிறார்கள். அந்த மாடியறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது கனவில்லை என்று தெரிந்தது.

மூடியிருக்க வேண்டும். மூடாமல் கடைசித் தாள்வரை படித்தேன். இறந்தது தன் மனைவி, அவளுக்கு இழப்பீடு வேண்டும் என்று ஒருவர் மனுப் போட்டிருந்தார். எங்கள் பதிவேட்டில் அப்படி ஒரு ஆளே இல்லை என்பது கம்பெனியின் பதில். பதிவேட்டில் இருந்த பெண் உயிரோடு இருப்பதாகவும், வீட்டைக் காலி செய்து போய்விட்டதால் சம்மன் கொடுக்க முடியவில்லை என்றும் கடைசித் தாளில் இருந்தது.

சீனியர் திரும்பி வந்தார். “சொல்லும்மா.”

“மேடம், இந்தக் கேஸ்ல நான் எதுவும் சொல்லக் கூடாது. இதுல செத்ததா எழுதியிருக்கறது எங்க அம்மா. இப்பத்தான் போன் பண்ணுனாக.”

அவர் கவிழ்த்து வைத்த தாளைத் திருப்பி அப்பா பெயரைப் பார்த்தார். என் கையிலிருந்த கட்டை வாங்கிக்கொண்டார்.

“எம்புட்டுப் படிச்ச?”

“முழுசும்.”

“கேஸ் முடியற வரைக்கும் உன்னை இங்கன வச்சுக்க முடியாதும்மா. இங்க படிச்சத வெளிய பேசவும் கூடாது.” வாசல்வரை கூட வந்தவர் குரலைத் தாழ்த்தினார். “ஆனா உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சது உங்க அம்மாவோடது. அதை நான் பூட்டி வைக்க முடியாது.”

வீட்டில் அம்மா காலண்டர் தாளின் மேல் விளிம்பில் தகரப் பட்டை அடிக்கிற வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “எனக்கு அம்மை போட்டிருந்தப்ப உனக்குப் பதிலா யாரும்மா வேலைக்குப் போனது?” என்று மட்டும் கேட்டேன்.

அம்மா தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

“பின் தெருக்காரி. சீசன் நேரம், ஒரு நாள் நின்னாலும் வேற ஆள் போட்டுருவாக. எம் பேர்ல நீ போய்ட்டு வான்னு நாந்தான் அனுப்புனேன். போர்மேனுக்கும் தெரியும். வெடிச்ச பொறவு அவர்தான் வந்து, வாயத் தொறந்தா ஆள் மாறாட்டம்னு உன்னையத்தான் உள்ள வைப்பாகன்னு சொன்னாரு. அம்மை இறங்குன மறுநாளே இங்கன வந்துட்டோம்.”

“அவ வீட்டுக்காரர் எங்க இருக்காரு?”

“ஆனைக்குட்டம். அந்த பஸ் நம்ம தெரு வழியாத்தான் போகுது. ஒரு நாளும் நான் ஏறுனதில்ல.”

மறுநாள் ஏறினாள். நான் கூடப் போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

சில மாதம் கழித்து அவருக்காகக் கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தாள். நான் வராந்தாவில் நின்றேன். கோர்ட் ஊழியர் வெளியே வந்து அம்மாவின் பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிட்டார். மூன்றாவது தடவைக்கும் அம்மா எழுந்திருக்கவில்லை. யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதுபோலப் பக்கத்தில் காலியாக இருந்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டேன். சில்லென்று இருந்தது, அந்த வெயிலிலும்.

கூண்டில் ஏறியதும் எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனிக்காக எழுந்தது அதே சீனியர். என்னைப் பார்க்கவே இல்லை. கேட்க வேண்டியதை ஒன்றுவிடாமல் கேட்டார். “இம்புட்டு வருசம் சொல்லாம இருந்தது ஏன்?” என்றும் கேட்டார். “பயம்” என்றாள் அம்மா. பிறகு யாரும் கேட்காமலே, “பொண்ணுக்கு அம்மை இல்லேன்னா நாந்தான் போயிருப்பேன்” என்றாள்.

தீர்ப்பு மனுதாரருக்குச் சாதகமாக வந்தது. செத்துப்போன அந்தப் பெண் முதன்முதலாகத் தன் பெயரிலேயே ஒரு காகிதத்தில் தொழிலாளி ஆனாள். எனக்கு வேறொரு அலுவலகத்தில் ஜூனியர் இடம் கிடைத்தது.

சாட்சி முடிந்த அன்று அந்தப் பெண்ணின் கணவர் கோர்ட் படிக்கட்டில் எங்களுக்காகக் காத்திருந்தார். அம்மா கும்பிட்டாள். அவர் கும்பிடவில்லை, கோபப்படவும் இல்லை.

“அன்னைக்குக் கம்பெனி வேன்ல ஏறும்போது கடேசியா அவ எதாச்சும் சொன்னாளா?”

அம்மா யோசித்தாள். “ஒண்ணும் சொல்லல. சன்னல் சீட்டு கிடைச்சிருச்சுன்னு கையாட்டிக் காட்டுனா.”

அவர் தலையை ஆட்டினார். “ஆமா. அவளுக்கு வேன்ல போனா தல சுத்தும்” என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.