தோட்டத்திலிருந்து வந்த சென்டர் ஃபார்வர்ட்

எங்கள் டீமைப் போல ஒரு கேடுகெட்ட டீமை நான் பார்த்ததில்லை. எழுபதுகளின் கடைசியில் கோலாலம்பூரில் அரசாங்க இலாகா ஒவ்வொன்றும் ஒரு காற்பந்து டீம் வைத்திருந்தது. நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் இலாகாவின் ஸ்டோரில் கிளார்க். எந்த இலாகா என்று கேட்காதீர்கள். ஆட்டத்தில் தோற்றது போதும், மானமும் போக வேண்டாம். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் நேராகத் திடலுக்குப் போய், எங்கள் கோலுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அங்கே நின்றால்தான் நான் திட்டுவது கோல்கீப்பருக்குக் கேட்கும்.

அவனுக்குக் கேட்டும் பிரயோசனமில்லை. பந்து அந்தப் பக்கம் போனால் காலுறைக்குள்ளிருந்து சீப்பை எடுத்துத் தலை வாருவான். அவனுக்கு முன்னால் நின்ற இரண்டு பேக்குகளும் சகலைகள். ஏதோ ஒரு கல்யாணத்தில் மனஸ்தாபமாகி, பேச்சுவார்த்தை கிடையாது. பந்து இருவருக்கும் நடுவே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டுச் சண்டையை வீட்டோடு வைத்துக்கொள்ளத் தெரியாத இரண்டு முட்டாள்களால் நாங்கள் வாங்கிய கோல்களுக்குக் கணக்கே இல்லை.

இவர்களுக்கெல்லாம் மேலே எங்கள் மேனேஜர். வேலைப் பிரிவில் சூப்பர்வைசர். தொப்பியும் விசிலுமாக வருவார். அவருக்குத் தெரிந்த தந்திரம் ஒன்றே ஒன்று: 'தூக்கி அடி.' பின்னாலிருந்து தூக்கி அடிக்க வேண்டும், முன்னால் ஒருவன் ஓட வேண்டும். மழை பெய்தாலும் அதுதான், வெயில் அடித்தாலும் அதுதான். தோற்றுவிட்டால் திடல் சரியில்லை என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அந்த மேனேஜர்தான் ஒரு வருஷம் பந்திங் பக்கத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு சென்டர் ஃபார்வர்டைக் கொண்டுவந்தார். எங்கள் இலாகாவில் ஆட்டக்காரனை வாங்குவதென்றால் வேலை கொடுத்து வாங்குவதுதான். ஒரு வருஷம் தற்காலிக வேலை. ஒழுங்காக இருந்தால் நிரந்தரம், பென்ஷன், பிரிக்பீல்ட்ஸில் ஒரு குவார்ட்டர்ஸ் வீடு. ஆட்டம் சரியில்லை, டீமிலிருந்து எடுத்தாயிற்று என்றால் அந்த வேலையும் போய்விடும். எழுதப்படாத சட்டம், ஆனால் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆளின் மனைவி தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்தாள். வேலை நிரந்தரமாகி வீடு கிடைத்ததும் அவளை அழைத்துக்கொள்ளப் போகிறேன் என்று, ஸ்டோரில் பூட்ஸும் காக்கி உடுப்பும் வாங்க வந்த முதல் நாளே, நான் கேட்காமலேயே சொன்னான்.

நல்ல உயரம், நல்ல நெஞ்சு. ஆனால் ஆஃப்சைட் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. தோட்டங்களில் ஏழு பேர் வைத்து ஆடுவார்கள். அந்த ஆட்டத்தில் ஆஃப்சைட் கிடையாது. எதிராளியின் கோல் வாசலில் போய் நின்றுகொண்டு, வருகிற பந்தை உள்ளே தள்ளலாம். அப்படித் தள்ளுவதைப் பார்த்துத்தான் எங்கள் மேனேஜர் மயங்கிப் போய் அவனைக் கூட்டிவந்தார். பதினோரு பேர் ஆட்டத்தில் அவன் அதே இடத்தில் போய் நின்றான். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கித் தூக்கிக் கை ஓய்ந்துபோனான். வலைக்குள் பந்தை அடித்துவிட்டுக் கைகளை விரித்துக்கொண்டு ஓடுவான். பாதி தூரம் ஓடிய பிறகுதான் யாருமே சந்தோஷப்படவில்லை என்பது தெரியும்.

நான் விடவில்லை. இரண்டாம் பாதியில் அவன் அடிக்கும் பக்கத்துக்கே போய் நின்றுகொண்டு கத்துவேன். "டேய், லைன்ஸ்மேன் உனக்கு மாமனாரா? எப்பப் பாத்தாலும் அவரு கொடிய ஆட்டிக் கூப்புடுறாரே."

அவன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது.

கோப்பை அரையிறுதியில் ஆஸ்பத்திரி டீமோடு ஆடினோம். கடைசி நிமிஷத்தில் எங்களுக்கு ஒரு கோல் விழுந்தது. சகலைகளில் ஒருவன் உருப்படியாக ஒரு பந்தைக் கொடுக்க, எங்கள் லெஃப்ட் விங் அதைக் கோலுக்குள் அடித்துவிட்டான். அது அவனுடைய கோல், சுத்தமான கோல். ஆனால் கோடு தாண்டிக்கொண்டிருந்த பந்தை இந்த மகராசன் ஓடிப்போய்க் கடைசியாக ஒரு தட்டு தட்டினான். கொடி ஏறியது. தோற்றோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்க ஒருவன் வேண்டுமே, அவனை வேலை போட்டுக் கொடுத்துக் கூட்டி வந்திருந்தோம். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை லீக் ஆட்டத்துக்கு அவன் வரவில்லை. முழங்கால் வலி என்றார் மேனேஜர். திடலோரம் ஒட்டுக்கடை வைத்திருந்தவர் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "என்ன வலி லா. நாளைக்குத் தோட்டத்துத் திருவிழாவுல ஆடுறானாம். பந்திங்லேருந்து வந்த லோரிக்காரன் சொன்னான். ஜெயிச்சா கிடாயாம்."

லீக்கில் பதிவான ஆட்டக்காரன் இலாகாவின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெளிப் போட்டியில் ஆடக் கூடாது. பரிசும் வாங்கக் கூடாது. சேர்ந்த அன்றைக்கே அதில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மறுநாள் காலையில் முதல் பஸ் பிடித்து கிள்ளான் போய், அங்கிருந்து பந்திங் போய், தோட்டத்துக்கு ஒரு டாக்ஸியில் நாலு பேரோடு நெருக்கிக்கொண்டு போனேன். எங்கள் டீம் ஜெயித்த ஆட்டங்களைப் பார்க்கக்கூட நான் அவ்வளவு தூரம் போனதில்லை.

முனியாண்டி கோயிலுக்கு எதிரே திடல். நான் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். அவன் ஆடினான். உண்மையைச் சொல்ல வேண்டும், பிரமாதமாக ஆடினான். முழங்காலில் துணி கட்டியிருந்தான், ஒரு காலை லேசாக இழுத்தான், ஆனாலும் பந்து அவனிடம் போனால் கோல்தான். எங்களுக்கு ஒரு நாளும் காட்டாத ஆட்டத்தை இந்தச் செம்பனைக் காட்டுக்குக் காட்டுகிறானே என்று வயிறு எரிந்தது. அவன் மோசமாக ஆடியிருந்தால் நான் பேசாமல் திரும்பி வந்திருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஜெயித்தார்கள். கிடாயை அவன் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றினான். பிறகு அதைக் கோயிலுக்குப் பின்னால் சமையல் நடக்கிற இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அதையும் பார்த்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் மேனேஜருக்கு ஒரு மொட்டைக் கடிதம் தட்டெழுதினேன். மலாயில் அரசாங்கக் கடிதம் எழுதுவதில் இலாகாவில் என்னை மிஞ்ச ஆளில்லை. குடியுரிமையிலிருந்து பிள்ளையின் பள்ளிக்கூட விவகாரம் வரை எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். தேதி, இடம், விதிமுறை எல்லாம் சுத்தமாக எழுதினேன். கிடாயைத் தன் பரிசாக வாங்கிக்கொண்டான் என்றும் எழுதினேன். கோயிலுக்குப் போனது என்று எழுதினால் கடிதத்தில் சாரமில்லாமல் போய்விடும். கீழே கையெழுத்துக்குப் பதிலாக 'டீமின் நலம் விரும்பி.' அதற்கும் கீழே, பல வருஷம் கிளார்க் வேலை பார்த்த கை தானாகவே ஒரு வரியைச் சேர்த்தது: நகல், பணியாளர் பிரிவுத் தலைவர். நகல் போடாத கடிதம் எனக்குக் கடிதமாகவே தெரியாது. இரண்டையும் தபாலில் சேர்த்தேன்.

மேனேஜருக்கு எழுதினால் அவனை டீமிலிருந்து எடுப்பார், அவ்வளவுதான் என்று நினைத்தேன் என யாரிடமாவது சொன்னால் நம்புவார்கள். ஆனால் டீமிலிருந்து எடுத்தால் வேலை போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை அன்றைக்கு மட்டும் ஓரமாக எடுத்து வைத்திருந்தேன்.

அந்த வாரமே விசாரணை. சனிக்கிழமை திடலில் மேனேஜர் விசிலைக் கையில் சுழற்றிக்கொண்டு என்னிடமே புலம்பினார். "எவனோ ஒரு பொறம்போக்கு எழுதிட்டான். எனக்கு மட்டும் எழுதியிருந்தா கிழிச்சிப் போட்டுட்டு, அவனுக்கு ரெண்டு அறை விட்டிருப்பேன். நகல் போட்டிருக்கான் பாரு, நகல். இப்ப மேல போயிடுச்சி. நான் என்ன செய்ய முடியும்?"

"ஆமா, என்ன செய்ய முடியும்," என்றேன்.

வேலை நிறுத்தக் கடிதம் வந்த மறுநாள் அவன் ஸ்டோர் கௌண்டருக்கு வந்தான். நிரந்தரமாக இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. இரண்டு வாரத்துக்குள் முறையீடு செய்யலாம் என்று கடிதத்திலேயே இருந்தது.

"அண்ணே, நீங்கதான் எழுதித் தரணும்," என்றான். "திருவிழாவுல ஆடினாத்தான் லயத்து வீட்ட விட்டு வைப்பேன்னு தோட்டத்துக் கங்காணி சொல்லிட்டாருண்ணே. நான் இங்க வந்தப்பவே வீட்டக் காலி பண்ணச் சொன்னவரு. பெண்சாதி மாசமா இருக்கா, எங்க கொண்டுபோய் வைக்கிறது? அந்த ஒரு ஆட்டம் மட்டும்னுதான் போனேன்."

"சரி, எழுதலாம்," என்றேன். தாளைச் சொருகினேன்.

"ஆடினதுக்கு எச்சரிக்கை மட்டும்தானாம், பரிசு வாங்கினதுக்குத்தான் வேலை போச்சாம். கிடாய நான் வாங்கலண்ணே. கோயிலுக்குத்தான் போச்சு. அதுக்கு ஒரு சாட்சி இருந்தா போதும், வேலை திரும்பக் கிடைக்கும்னு மேனேஜர் சொல்றாரு. தோட்டத்து ஆளுங்க சொன்னா எடுபடாதாம். இலாகா ஆளா இருக்கணுமாம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நீங்க வந்திருந்தீங்கள்ல அண்ணே. தொப்பி போட்டுக்கிட்டு நின்னீங்க. நான் பாத்தேன். எப்பவும் திட்டுற அண்ணன், நம்ம ஆட்டத்தப் பாக்க அம்மாந்தூரம் வந்திருக்காரேன்னு எனக்குப் பெருமையா இருந்திச்சு."

அவனுக்கு என் மேல் துளி சந்தேகமில்லை. சாட்சி சொன்னால் என் பெயர் மேனேஜருக்குப் போகும், பணியாளர் பிரிவுக்குப் போகும். ஸ்டோர் கிளார்க் எதற்கு அங்கே போனான் என்று ஒருவர் கேட்டால் போதும், மற்றவர்களெல்லாம் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"நான் வரலியே," என்றேன். "அன்னைக்கு வீட்டுல இருந்தேன். நீ வேற யாரையோ பாத்திருப்ப."

அவன் என்னைப் பார்த்தான். நான் தாளைப் பார்த்துக்கொண்டு தட்டினேன். நல்ல கடிதம், என் வாழ்நாளில் எழுதிய மிக நல்ல கடிதங்களில் ஒன்று. முடித்து நீட்டியபோது கையெழுத்துப் போட்டுவிட்டு, "சாட்சி பேருக்கு எடம் காலியா இருக்கேண்ணே," என்றான்.

"காலியாவே இருக்கட்டும்."

முறையீடு தள்ளுபடியானது. சாட்சி இல்லை என்று ஒரே வரி. இலாகா பொருட்களைத் திருப்பிக் கொடுக்க அவன் கடைசியாக ஒரு முறை ஸ்டோருக்கு வந்தான். காக்கி உடுப்பும் ஜெர்சியும் துவைத்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தன. பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டிருந்தான். நான் ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தேன். வேண்டுமென்றே நிதானமாக வைத்தேன், அதற்குள் போய்விடுவான் என்று. அவன் போகவில்லை.

"அண்ணே, அன்னைக்குக் கோயில் பந்தியில உங்களுக்கு ரெண்டாவது தடவ கறி போட்டாளே, அதுதான் என் பெண்சாதி," என்றான். குரலில் கோபம் இல்லை. "பசியோட திரும்பிப் போயிடக் கூடாதுன்னு நான்தான் சொல்லிவிட்டேன்."

போட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கண்ணே," என்று சொல்லிப் போட்டாள். அந்தக் கிடாய்க் கறியை நான் இலை வழித்துச் சாப்பிட்டேன். மேலே அந்தத் தோட்டத்தைப் பற்றி அவ்வளவு எழுதிய நான் இதை மட்டும் எழுதாமல் தாண்டிவந்தேன். பூட்ஸ் ஒரு ஜோடி என்று பதிவேட்டில் எழுதி, கையெழுத்துக்காக அவன் பக்கம் திருப்பினேன். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வரேண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனான்.