அம்மைக்கு விழுந்த சீட்டு

எங்கள் சபையில் ஜனவரி ஒன்றாம் தேதி, வருசப்பிறப்பு அன்று விடியற்கால ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். வாக்குத்தத்தச் சீட்டு என்று பெயர். உபதேசியார் முந்தின வாரமே தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒன்றுக்கு ஒரு வசனமாகத் தன் கையால் எழுதி, மடித்து, ஓலைப்பெட்டியில் போட்டு வைத்திருப்பார். கையில் வந்ததுதான் அந்த வருசத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொன்னது. மாற்றி எடுக்கக் கூடாது. பிடிக்கவில்லை என்று சொல்லவும் கூடாது. சீட்டில் பேர் எழுதும் வழக்கம் மட்டும் இல்லை. அந்த இடைவெளியில்தான் நான் புகுந்தேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி ஒரு வருசமோ இரண்டு வருசமோ ஆகியிருக்கும். எனக்கு ஒன்பது வயது. அப்பா பனையேறி. முந்தின பங்குனியில் பனையிலிருந்து விழுந்து இடுப்பும் வலது காலும் போயிற்று. அன்றிலிருந்து உள்ளறையில் பாயில் கிடந்தார். அம்மை சுமடு எடுக்கப் போனாள். ஊர்க்காரர்களின் கருப்பட்டியைத் தலையில் வைத்துத் திங்கள்சந்தைக்குப் போவாள். திரும்பும்போது ஊர்க் கடைக்காரருக்கு உப்புச் சாக்கு கொண்டுவருவாள். போக ஆறு மைல், வர ஆறு மைல். வீட்டில் மரச்சீனிக் கிழங்கு இருந்தது. அரிசி எப்போதாவது.

அந்த வருசப்பிறப்புக்கு அம்மை தனக்கு ஒரு சீட்டு எடுத்தாள். அப்பாவுக்கு என்னை எடுக்கச் சொன்னாள். தம்பி அவள் இடுப்பில் உறங்கிவிட்டான். அதனால் தன் சீட்டையும் என்னிடம் தந்தாள்.

"மாறிப் போவாமப் பாத்துக்கோ" என்றாள்.

வலது கையில் அப்பாவுடையது. இடது கையில் அம்மையுடையது. வீட்டில் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். வழியில் கொல்லாமரத்தடியில் பின்தங்கி இரண்டையும் பிரித்தேன். அப்பாவின் சீட்டில், நீ பெலவீனமாக இருக்கும்போது நான் தருகிறது உனக்குப் போதும் என்கிற மாதிரி இருந்தது. அம்மையின் சீட்டில், காத்திருக்கிறவர்கள் நடப்பார்கள், சோர்ந்து போகமாட்டார்கள் என்று இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அம்மைதான் எப்போதும் நடக்கிறாளே, அவளுக்கு எதற்கு? படுத்துக் கிடக்கிறவருக்குப் போதும் என்று சொன்னால் எப்படி? பெட்டிக்குள் சீட்டுகள் புரண்டுவிட்டன என்று முடிவு செய்தேன். ஆண்டவர் செய்ய மறந்ததைச் சரிசெய்கிற நினைப்பில் வலது கைச் சீட்டை இடது கைக்கும் இடது கைச் சீட்டை வலது கைக்கும் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அப்பாவுக்கு வாசித்தேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இன்னும் ஒருக்கா வாசி மக்கா."

வாசித்தேன். மூன்றாம் தடவையும் கேட்டார்.

"உபதேசியாரு வேணும்னு எழுதித் தந்ததா?"

"இல்லப்பா. பெட்டியில கெடந்தது. நான்தான் எடுத்தேன்."

"அப்போ சரி. கை உனக்குள்ளது. கையப் புடிச்சது அவரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அம்மைக்கு வாசித்தேன். அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அவள் தீயைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டாள். போதும் என்ற சொல் வந்ததும், "மதி, அது மதி" என்றாள். எங்கள் பக்கத்தில் போதும் என்பதற்கு மதி என்போம். சீட்டை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள்.

அப்பா தன் சீட்டைச் சுவரில் ஒட்டச் சொன்னார். கிழங்குமாவில் பசை காய்ச்சி, படுத்தால் கண்ணுக்கு நேராகத் தெரிகிற இடத்தில் ஒட்டினேன். அன்று முதல் காலை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தார். வலியில் பல்லைக் கடிக்கிற சத்தம் முற்றத்துக்குக் கேட்கும்.

எலும்பு பார்க்கிற ஆசான் மாசி மாதம் வந்து காலை அமுக்கிப் பார்த்தார்.

"இது இனிச் சேராது. கம்பு ஊனி எழும்பி நிக்கலாம். அவ்வளவுதான்."

அப்பா சுவரைக் காட்டினார். ஆசானுக்கு வாசித்துக் காட்டினேன்.

"சுவத்துல ஒட்டினது காலுல ஒட்டுமா வேய்?" என்றார். ஆனாலும் அடுத்த வாரத்துக்கும் எண்ணெய் தந்துவிட்டுப் போனார்.

அம்மையின் தம்பியும் பனையேறிதான். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பக்கத்தில் இருப்பார்.

"மச்சான், அந்த வசனத்துல பனை ஏறுகதப் பற்றி உண்டுமா?"

"இல்ல. நடக்கதுக்குத்தான் உண்டு."

"பின்ன பனைக்கு?"

"அது அடுத்த வருசம் எடுக்கணும்."

மாமா சிரிப்பார். அப்பா சிரிப்பதில்லை.

நான் தினமும் பார்த்தேன். மாசி போயிற்று. பங்குனி போயிற்று. கால் அப்படியே இருந்தது. மாற்றி வைத்ததால் ஆண்டவருக்கு ஆள் அடையாளம் தப்பிவிட்டதோ என்று பயம் வந்தது. சொல்லிவிடவும் பயம். சொன்னால் அப்பா முயற்சியை விட்டுவிடுவார்.

சித்திரை வெயிலில் அம்மையின் சீட்டு கரைந்துபோனது. முந்தியை அவிழ்த்தபோது வியர்வையில் ஊறி நீலமாக ஒரு கட்டி இருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை.

"உபதேசியார்கிட்ட வேற ஒண்ணு எழுதி வாங்கட்டா?" என்று கேட்டேன்.

"எழுத்துதான போச்சு. சொன்னது போவுமா?" என்றாள். கட்டியை வாழைமூட்டில் போட்டாள்.

ஆனி மாதம், மழை. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். அம்மை முற்றத்து வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள். தலையில் உப்புச் சாக்கு. கடைக்கு இன்னும் கால் மைல் போக வேண்டும். வீட்டைத் தாண்ட அவளால் முடியவில்லை.

சுமடு எடுக்கிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. தானாக ஏற்றவும் முடியாது, தானாக இறக்கவும் முடியாது. இரண்டுக்கும் இன்னொரு ஆள் வேண்டும். எனக்கு எட்டாது.

"ஏட்டி, அடுத்த வீட்டு அத்தையக் கூப்பிடு."

ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. அதற்கடுத்த வீட்டிலும் ஆள் இல்லை. திரும்பி வந்தேன். உப்பு நனைந்து, தண்ணீர் அவள் நெற்றியில் இறங்கிக் கண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் சாக்கில்.

"போட்டிரும்மா" என்றேன்.

"போட்டா சாக்கு பொட்டும். சேத்துல உப்ப வாரவா? நாளைக்கு யாரு சுமடு தருவா?"

அவள் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் உள்ளே கேட்டிருக்கிறது. அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்படி எழும்பினார் என்று நான் பார்க்கவில்லை. நிலையிலிருந்து அம்மை நின்ற இடம் வரை பிடிக்க ஒன்றுமில்லை. கையை விட்டார். வலது காலை இழுத்து இழுத்து வந்தார். ஏழெட்டு அடி எடுத்து வைத்திருப்பார். மழை அவர் மேலும் பெய்தது. சாக்கின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"பைய. கல்லுல வை" என்றார்.

துணி துவைக்கிற கல்லின்மேல் சாக்கு இறங்கியது. பொட்டிக் கிழியவில்லை. சாக்கு இறங்கியதும் இரண்டு பேரும் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மை முந்தியால் முதலில் சாக்கைத்தான் மூடினாள். அதன் பிறகு அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்காம?"



அடுத்த ஞாயிறு மாமா அப்பாவைத் தாங்கிச் சபைக்குக் கொண்டுபோனார். உபதேசியார் அப்பாவைச் சாட்சி சொல்லச் சொன்னார். அப்பா எழும்பி, "வருசப்பிறப்புக்கு எனக்கு நடப்பேன்னு வந்தது. நடந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெண்கள் அழுதார்கள். வசனம் பலித்தது என்றார்கள். ஆண்டவரையும் ஏமாற்றியாயிற்று, சபையையும் ஏமாற்றியாயிற்று என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அப்பா சுவரைப் பார்த்தார்.

"அப்போ அவளுக்குள்ளதிலயா நான் நடந்தேன்?"

ஆமா என்று தலையாட்டினேன்.

"இளக்கி அவகிட்ட குடு."

நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். பசை காய்ந்து இறுகியிருந்தது. தாளோடு சுவர் மண்ணும் உதிர்ந்தது.

"அப்பிடியே கெடக்கட்டு. வாசிச்சாவது குடு" என்றார்.

அம்மையைக் கூப்பிட்டு, சீட்டு அவளுடையது என்று சொல்லி வாசித்தேன். அவள் கையில் கிழங்கும் கத்தியும் இருந்தன. எனக்கு அடி விழவில்லை.

"ரெண்டும் இந்த வீட்டுக்கு வந்ததுதான" என்றாள். மீதிக் கிழங்கை வெட்டப் போய்விட்டாள். அவ்வளவுதான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று இரண்டு கிழங்கு கூடுதலாகத் தின்றேன்.

மறுநாள் திங்கள். கருப்பட்டிப் பெட்டி முற்றத்தில் இருந்தது. ஏற்றிவிட அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அம்மை சும்மாட்டுத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்தவள், திரும்பி உள்ளறைக்கு வந்தாள். சுவர்ச் சீட்டின் முன்னால் நின்று விரலை நீட்டினாள். எந்தப் பக்கத்தில் எழுத்து தொடங்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"ஏட்டி, சோந்து போவமாட்டேன்னு எழுதினது எங்க?"

அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். சீட்டின் கடைசி வரி. விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நடப்பேன்னு உள்ளது இதுக்கு மேல இருக்கு, காட்டட்டா?" என்றேன்.

"அது வேண்டாம்" என்றாள். போய்ச் சுமட்டுக்குக் குனிந்தாள்.

அதன் பிறகு பதினெட்டு வருசம் அவள் சுமடு எடுத்தாள். அப்பா கம்போடு நடந்தார், பனை ஏறவில்லை. நான் அந்த வருசத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இப்போது எனக்கும் மாடிப்படி ஏறினால் முட்டு பிடிக்கிறது, சோர்ந்து பாதியில் நின்றுகொள்கிறேன். முதல் பாதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைசி வரியின்மேல் மட்டும் அம்மை ஏன் விரலை வைத்தாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. விரல் வைத்த இடத்தில் எழுத்து அழிந்துவிடுமே என்றுதான் கவலைப்பட்டேன்.