மாமனாரின் எஞ்சின்

என் மாமனார் கரிக்கோச்சி, அதாவது நிலக்கரி ரயில், ஓட்டியவர். ஓய்வு பெற்று வவுனியாவில் இருந்தார். கிளிநொச்சியில் எங்கள் வீட்டுப் படியை மட்டும் அவர் மிதிப்பதில்லை. கலியாணத்தன்று ரயில் பிந்தி, மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் நல்ல நேரம் முடிகிற தறுவாயில்தான் போய் இறங்கினோம்.

"என்ன தம்பி, இவ்வளவு சுணங்கிப்போச்சு?" என்று மாமனார் கேட்டார்.

"உங்கட கோச்சியில வந்தனாங்கள், மாமா. நடந்து வந்திருந்தால் நேரத்துக்கு வந்திருப்பம்."

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உண்மை சொன்னதற்குத் தண்டனையாகப் பேரப்பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கும் வரவில்லை. அன்று முழுவதும் என் மனைவி வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நாட்களில்தான் கொழும்பிலிருந்த கூட்டாளி ஒருவன், சாவி கொடுத்தால் ஓடும் சீமை விளையாட்டு ரயில் ஒன்றைப் பிள்ளைக்கென்று அனுப்பினான். பல் முளைக்காத பிள்ளைக்கு ரயில் எதற்கு என்று நானே எடுத்துக்கொண்டேன். பச்சை நிறமும் பித்தளை வளையங்களுமாக எஞ்சின் மணவறை மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. எங்கள் தண்டவாளத்தில் அப்படியொன்றை எவரும் கண்டதில்லை. இதை மாமனார் ஓட்டிய எஞ்சினாகவே மாற்றிவிட்டால், மனிதர் அதைப் பார்க்கவாவது வருவார் என்று என் மூளை கணக்குப் போட்டது. வாத்தியார் மூளை அல்லவா!

பச்சையைச் சவர அலகால் சுரண்டினேன். விளக்குக் கரியை வார்னிசில் குழைத்துப் பூசினேன். பழைய மண்வெட்டியின் துருவை எடுத்து அடிப்பாகத்தில் ஒட்டினேன். தண்டவாள ஓரம் பொறுக்கிய நிலக்கரியை இடித்துப் பின்பெட்டியில் நிரப்பினேன். தையல் மெசின் எண்ணெயை வழியவிட்டு, அது காயுமுன் எங்கள் வளவுப் புழுதியை அதன்மேல் ஊதினேன். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் நான் காட்டாத கவனம்.

"இஞ்சருங்கோ, ஊரில சனம் ஊத்தையைக் கழுவுதுகள். நீங்கள் வார்னிஸ் வாங்கி ஊத்தையாக்கிறியள்" என்றாள் மனைவி.

கலை என்றால் அப்படித்தான் என்று விளக்கினேன். அவள் பாதியிலேயே குசினிக்குள் போய்விட்டாள்.

பிள்ளைக்குப் பல் முளைத்தது. பல்லுக்கொழுக்கட்டைச் சடங்குக்கு மாமி எப்படியோ அவரை இழுத்து வந்துவிட்டார். வந்தவர் விறாந்தைக் கதிரையின் நுனியில், குடையை மடியில் வைத்தபடி, பின்னேரக் கோச்சிக்குக் காத்திருந்தார். பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டியபோதும் வாசலில் நின்றுதான் எட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எஞ்சினைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்தது.

"ஆர் இதை இவ்வளவு ஊத்தையா வைச்சிருக்கிறது?"

"உங்கட எஞ்சின் மாதிரிச் செய்தனான், மாமா."

"என்ர எஞ்சினோ? என்ர எஞ்சினில முகம் பாத்துச் சீப்பால தலை இழுக்கலாம்! பிள்ளை, மண்ணெண்ணெயும் பழப்புளியும் கொண்டா!" என்று மகளைக் கூப்பிட்டார்.

முகம் பார்க்கலாமாம்! அந்த எஞ்சின் இழுத்த வண்டியில் எத்தனை தரம் போயிருப்பேன். இறங்கும்போது என்னை எனக்கே அடையாளம் தெரியாது. கண்ணுக்குள் கரி, காதுக்குள் கரி, சோற்றுப் பார்சலுக்குள்ளும் கரி. ஓய்வு பெற்ற மனிதரின் எஞ்சினைப் போல மினுங்குகிற சாமான் உலகத்தில் வேறில்லை. சொல்ல வாய் உன்னியது. மனைவி பழப்புளிச் சட்டியோடு வந்து நின்று என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

விறாந்தையில் வெயில் என்று சொல்லி வீட்டுக்குள் வந்தார். நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினார். என் துரு போயிற்று, எண்ணெய் போயிற்று, புழுதியும் போயிற்று. பிள்ளை தவழ்ந்து போய் அவர் மடியில் ஏறியது. ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு மறுகையால் தேய்த்தார்.

"தம்பி, இந்தச் சில்லைக் கொஞ்சம் பிடியும்" என்று என் முகம் பார்த்துச் சொன்னார்.

பிடித்தேன்.

எஞ்சின் மினுங்கியது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு குடையைத் தேடினார். "சரி, கோச்சிக்கு நேரமாச்சு."

மனைவியின் முகம் வாடிப்போயிற்று. நான் எழும்பி அலுமாரியைத் திறந்தேன். எஞ்சினைவிடப் பாடுபட்டு நான் அழுக்காக்கிய, அதே ரயிலின் பெட்டிகள் இரண்டு உள்ளே இருந்தன. இன்னும் ஒருவருக்கும் காட்டாதவை. இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுகளும் ஊத்தை, மாமா."