பொக்சர் மாமாவின் உப்பில்லாக் கஞ்சி

எங்கள் வீட்டு பிரிட்ஜின் மேல் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் பக்கத்தில் ஒரு காலத்தில் குத்துச்சண்டைக் கோப்பைகளும் இருந்தன. சாமிக்குப் பூ வைக்கும்போது அம்மா அவற்றுக்கும் ஒவ்வொரு பூ வைப்பா. வீட்டுக்கு வரும் ஆட்கள் கோப்பைகளைப் பார்த்துவிட்டு அப்பாவை ஒருமாதிரிப் பார்ப்பார்கள். அப்பாவோ நுளம்பை அடிக்கவே இரண்டு தரம் யோசிக்கிற மனிதர்.

அவை பொக்சர் மாமாவுடையவை. அவர் பிலிப்பீன்ஸ்காரர். அப்பா சமைத்த உணவகத்தில் பாத்திரம் கழுவினார். இருக்க இடமில்லாமல் தவிக்கிறார் என்று அப்பா கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்குப் பக்கத்தில், மார்க்ஸ் டோர்மோயில் எங்களுக்கு இருந்தது ஓர் அறை, ஒரு ஹோல், திரும்பினால் முழங்கை இடிக்கும் ஒரு குசினி. ஹோலில் இருந்த சோபா அவருடையதாயிற்று. நானும் அம்மாவும் வன்னியிலிருந்து தப்பி, முகாமில் கிடந்து, பிரெஞ்சுத் தலைநகருக்கு, அப்பாவிடம் வந்து சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு எட்டு வயது. அம்மா தமிழில் கேட்பா, அவர் அரைகுறைப் பிரெஞ்சில் பதில் சொல்வார், நடுவில் நான் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து ஒப்பேற்றுவேன். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. முதல் நாள் அம்மாவின் கஞ்சியைக் குடித்துவிட்டு, தன்னுடைய அம்மாவும் இப்படித்தான் காய்ச்சுவா என்று கையாலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவை "அக்கா" என்றுதான் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னைப் பொபினிக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே ஒரு விளையாட்டு மண்டபத்தில் பொக்சர் மாமா அமெச்சூராகச் சண்டை போட்டார். அமெச்சூர் என்றால் தலையில் கவசம், உடம்பில் பெனியன், மூன்றே சுற்று, வென்றால் ஒரு கோப்பை. அவர் அடித்ததைவிட அடியிலிருந்து நழுவினதுதான் எனக்குப் பிடிக்கும். எதிராளி குத்தின இடத்தில் இவர் இருக்கமாட்டார். நான் கத்தோ கத்தென்று கத்துவேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் அவருடைய முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பா, பிறகுதான் கோப்பையைப் பார்ப்பா.

பிறகு அவர் தொழில்முறைக்கு மாறினார். கவசமும் போயிற்று, பெனியனும் போயிற்று, சுற்றுகள் மட்டும் கூடின. முதல் சண்டைகளில் வென்றார், ஆனால் புருவம் கிழிந்து வந்தார். அம்மா மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தா, அவர் சிரித்துக்கொண்டு தையலைக் காட்டினார். அடுத்ததாக ஒரு பெரிய சண்டை வந்தது. அதில் வென்றால் சண்டைகள் நடத்தும் ஒரு நிறுவனம் அவரை எடுத்துக்கொள்ளும், இனிப் பாத்திரம் கழுவத் தேவையில்லை, ஊரில் விட்டுவந்த மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிடலாம். அந்தப் பிள்ளைக்கும் என்னுடைய வயதுதான். அவளுடைய படம் சோபாத் தலையணைக்குக் கீழே இருந்தது. அவள் வந்தால் என்னுடைய கட்டிலில் படுக்கட்டும் என்று நான் பெரிய மனசு பண்ணிச் சொல்லியிருந்தேன்.

சண்டைக்கு முதல் நாள் நிறுத்துப் பார்ப்பார்கள். ஐம்பத்திரண்டு கிலோவுக்கு மேலே ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. அதற்காக அந்தக் கிழமை முழுக்க அவர் தன்னைத்தானே காயப்போட்டார். உடுப்புக்குள் குப்பைப் பையைப் போட்டுக்கொண்டு லா சப்பல் முழுக்க ஓடினார். மரக்கறிக் கடைக்கார அண்ணைமார் கைதட்டிச் சிரித்தார்கள். தண்ணீரை மூடியில் அளந்து குடித்தார். சுவிங்கத்தைச் சப்பிச் சப்பி வெறும் போத்தலுக்குள் துப்பினார், துப்பலுக்கும் நிறை இருக்கிறதாம். அம்மாவிடம் அவர் கேட்டது ஒன்றுதான். இரவுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி. தேங்காய்ப்பால் வேண்டாம், உப்பு வேண்டவே வேண்டாம். "உப்பு" என்ற சொல்லையே அதற்காகத்தான் பழகினார்.

அம்மாவால் அதைப் பொறுக்க ஏலவில்லை. ஏன் என்று நான் சொல்லத்தான் வேண்டும். வன்னியில் கடைசி மாதங்களில் நாங்கள் குடித்ததும் பாலில்லாத வெறும் கஞ்சிதான். அதற்கும் வரிசை. ஒருநாள் எங்களுக்காக வரிசையில் நின்ற மாமா, அம்மாவின் ஒரே தம்பி, ஷெல் விழுந்து அந்த இடத்திலேயே போய்விட்டார். அம்மா அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் அவ காய்ச்சுகிற கஞ்சியில் பால் மிதக்கும்.

"சாமான் நிறைஞ்ச வீட்டில ஒரு பெடியன் வத்திக்கொண்டு கிடக்கிறான். நான் எப்பிடி விழுங்கிறது?" என்று அப்பாவிடம் கேட்டா.

"அது அவங்கட தொழில். நீ பேசாமல் இரு" என்றார் அப்பா.

அம்மா பேசாமல்தான் இருந்தா. கஞ்சிப் பானையில் ஓர் அகப்பை முதற்பாலை விட்டு, கை நிறைய உப்பையும் போட்டுக் கலக்கினா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "உப்பில என்ன நிறை இருக்கப்போகுது?" என்று என்னிடம் சொன்னா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. காய்ந்த உடம்பு உப்பைக் கண்டால் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு விடாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் யார் சொல்லித்தந்தது?

முதல் கரண்டியை வாயில் வைத்ததும் அவர் நின்றுவிட்டார். அம்மாவைப் பார்த்தார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிடு தம்பி" என்றா. அவர் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். பிறகு வழித்துக் குடித்துவிட்டு, கிண்ணத்தைத் தானே கழுவி வைத்தார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அவருக்கு ருசி பிடித்துப்போயிற்று என்று எனக்குச் சந்தோஷம்.

நிறுக்கும் இடத்துக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். பொக்சர் மாமா தராசில் ஏறினார். அறுநூறு கிராம் கூட. பயிற்சியாளர் கிழவர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். என்னத்தைத் தின்றாய், யார் தந்தது என்று கத்தினார். பொக்சர் மாமா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு, களவாகக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டேன், தாங்க முடியவில்லை என்றார். இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். குளிக்கிற அறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, அந்த ஆவிக்குள் அவரைக் கயிறடித்துத் துள்ள விட்டார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேர் அவருடைய கையைப் பிடித்திருந்தார்கள். உதடு சுண்ணாம்பு பூசினது மாதிரி இருந்தது. தராசு சரியாகக் காட்டியது. "அப்பாடா, பாதி வென்ற மாதிரி" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாய் நான் அம்மாவிடம் கோள் மூட்டினேன்.

"பொக்சர் மாமா களவாத் தண்ணி குடிச்சவராம். அதால நிறை கூடிப்போச்சாம்."

"ஆர் சொன்னது?"

"அவர்தான் சொன்னவர்."

அம்மா குசினி நிலத்தில் அப்படியே குந்திவிட்டா. களவுத் தண்ணீருக்கு இவ்வளவு கோபமா என்று நான் நினைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் சண்டை. அம்மா வரவில்லை. பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டா. எனக்கு அந்தச் சண்டையில் நினைவிருப்பது ஒன்றுதான், அவர் நழுவவில்லை. எதிராளி குத்தின இடத்திலெல்லாம் அவர் இருந்தார். ஐந்தாம் சுற்று முடிந்து மூலைக் கதிரையில் வந்து இருந்தவர், மணி அடித்ததும் எழும்பவில்லை. களைத்துப்போனார், கொஞ்சம் இருக்கட்டும் என்று நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா என்னுடைய கண்ணைப் பொத்தினார்.

மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது. உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தபடியால் ஒரு சாதாரண அடியே போதுமாக இருந்தது என்று டொக்டர் அப்பாவிடம் சொன்னார். அந்தப் பிரெஞ்சை அம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான். உயிர் தப்பியது. வலது கை தப்பவில்லை, பேச்சும் இழுபட்டது. சண்டை போடும் அனுமதியை எடுத்துவிட்டார்கள். பாத்திரம் கழுவும் வேலைக்கும் ஒரு கை போதாது. மனைவியும் மகளும் இங்கே வருவதற்குப் பதிலாக அவர்தான் அங்கே போவதாயிற்று.

போகிற அன்று காலையில் அம்மா கஞ்சி காய்ச்சினா. கரண்டி அவருடைய கையில் நிற்கவில்லை. அம்மாவே பக்கத்தில் இருந்து பருக்கினா. கடைசி வாய்க்குப் பிறகு அவர் சொல்லைத் தேடித் தேடி, "உப்பு... நல்லது, அக்கா" என்றார். அம்மா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்தா. அப்பா கோப்பைகளைப் பையில் போட்டு, அவரை இறக்கிக் கொண்டுபோய்க் காரில் ஏற்றும் வரைக்கும் அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வழியனுப்ப வராமல் கிண்ணம் கழுவுகிறாவே, என்ன மனுசி இவ என்று எனக்குக் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு அம்மா உப்பை விட்டுவிட்டா. எங்களுக்கு எல்லாம் போட்டுச் சமைப்பா, தனக்கு மட்டும் வேறாக எடுத்துவைப்பா. கேட்டால் "பிரஷர்" என்பா. லா சப்பலில் அந்த வயதில் எல்லாருக்கும் பிரஷர்தான், ஆரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒருநாள் மருந்துக்கடைக்கு மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனா, இருமலுக்கு மருந்து வாங்க. நான் கெட்டிக்காரியாக, அம்மாவுக்குப் பிரஷர், ஒருக்கால் அளந்து பாருங்கள் என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டுவிட்டேன். அவள் பட்டியைச் சுற்றி, அமுக்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் அம்மா தாராளமாக உப்புச் சாப்பிடலாம் என்றாள்.

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அம்மா சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஓம், ஓம்" என்றா. அன்றிரவும் தன்னுடைய சோற்றை வேறாகத்தான் வைத்தா. மருந்துக்கடை மெஷின் பழசு, அதுதான் பிழையாகக் காட்டுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.