துணியில் மூன்று சொட்டு

பூன்லோமுக்கு நடுக்குவாதம் வந்து நாலு வருஷம். சோற்றை அள்ளினால் பாதி வாய்க்கு, பாதி பாய்க்கு. மாவட்ட ஆஸ்பத்திரியில் கஞ்சா எண்ணெய் எழுதிக்கொடுத்தார்கள்.

"நாக்குக்கடியில மூணே மூணு சொட்டு. நீங்களா ஊத்திக்காதீங்கக்கா, உங்க கை சொன்னபடி கேக்காது. ஊத்திவிட ஆள் இருக்கா? இல்லேன்னா இந்த மருந்து வேண்டாம்," என்றாள் நர்ஸ்.

"மகன் இருக்கான்."

இருந்தான், புத்த மடத்தில்! மழைக்காலம் மூன்று மாதம் துறவியாக இருந்து அம்மாவுக்குப் புண்ணியம் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன். ஏழு மழை போய்விட்டது. போகச் சொன்னதும் இவள்தான், யாரை நோவது?

தானே ஊற்றிப் பார்த்தாள். பத்துச் சொட்டாவது விழுந்திருக்கும். ஒரு பகல் முழுக்க வீடு சுற்றியது. எட்டிப் பார்க்க ஒரு ஈ காக்கை இல்லை.

மறுநாள் காலை பிட்சைக்கு வந்த துறவிகள் வரிசையில் மகன் கம்சிங்கும் நின்றான். பெற்ற பிள்ளையைக் கைகூப்பித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"சாமி, மூணு சொட்டு ஊத்திவிடுவீங்களா? வேற யாருமில்ல எனக்கு."

அவன் திகைத்தான். துறவி பெண்ணைத் தொடக்கூடாது, அம்மாவானாலும் சரி. வாயருகே கை போனால் விரல் பட்டுவிடாதா? பெண்கள் கொடுப்பதை வாங்கும் துணியைத் தரையில் விரித்தான்.

"இதுல புட்டியையும் ஒரு உருண்டை ஒட்டுச்சோத்தையும் வைங்கம்மா."

சோற்றில் மூன்று சொட்டு எண்ணி விட்டுத் தள்ளி நின்றான். அவள் எடுத்து நாக்குக்கடியில் அடக்கிக்கொண்டாள்.

"என்ன தம்பி, பிட்சைக்கு வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?" என்றார் வரிசையில் முன்னால் நின்ற மூத்த துறவி. ஆனாலும் காத்து நின்றார்.

தினமும் அப்படியே நடந்தது. கை நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. இருபதாம் நாள் காலையில் பார்த்தால், மடியில் கை சும்மா கிடந்தது. அவளுக்கே நம்ப முடியவில்லை. வாசலுக்கு ஓடாத குறைதான்.

"சாமி, பாருங்க, ஆடவே இல்ல!"

கம்சிங் குனிந்து பார்த்தான். அவன் முகம் சின்னப் பிள்ளை முகம்போல மலர்ந்தது. இவள் கை தானாக அவன் கன்னத்துக்கு உயர்ந்தது. அவன் சட்டென்று ஓரடி பின்வாங்கினான்.

"ஆகாதும்மா."

"தெரியும் சாமி," என்று கையை இறக்கிக்கொண்டாள். "கை நல்லாயிருக்கில்ல, அதான் மறந்துட்டேன்."